நம் தெருப் பறவைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நகரத்துக் குடியிருப்புகளில் பார்க்கும் பறவைகளைப் பற்றி எழுதி அனுப்பச் சொல்லிச் சென்ற இதழில் கேட்டிருந்தோம். சிட்டுக்குருவியைப் பற்றியும் புறாவைப் பற்றியும்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தெருவில் சிட்டுக்குருவியைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. பக்கத்து மொட்டை மாடியில் செல்போன் டவர் வந்த பிறகுதான் எல்லாம் போச்சு என்கிறார்கள். உண்மையா?
– இல்லத்தரசி, நங்கநல்லூர், சென்னை

டவர்தான் காரணம் என்று நம்பும்படியான ஆதாரம் கிடையாது. சினிமாவிலும் அப்படியே காட்டிவிட்டதால் ஊரே நம்புகிறது. ஆனால் பிரிட்டனில் சிட்டுக்குருவிகள் 1970களின் கடைசியிலேயே குறையத் தொடங்கிவிட்டன, அப்போது செல்போன் டவர் எங்கே இருந்தது? நம் ஊரிலும் டவர் இருக்கிற கடைத்தெருக்கள் பலவற்றில் குருவிகள் சந்தோஷமாகக் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சிட்டுக்குருவி அழிந்துகொண்டிருக்கிறது என்பதே முழு உண்மை இல்லை. நாடு முழுக்கப் பறவை பார்ப்பவர்கள் பதிவு செய்த தகவல்களை வைத்து 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகத்தான் இருக்கிறது, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகிய 6 பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று சொன்னது. ஆகவே உங்கள் தெருவில் காணோம் என்பதும் சரி, உங்கள் சொந்த ஊரில் இன்னும் இருக்கிறது என்பதும் சரி.

நகரத்தில் ஏன் போயிற்று? நங்கநல்லூரில் பழைய வீடுகள் எப்படி இருந்தன என்று நினைத்துப் பாருங்கள். ஓட்டுக் கூரை, உத்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே சந்து, மீட்டர் பெட்டிக்கு மேலே ஒரு இடுக்கு, கிணற்றடி, வாழை, நாலு பக்கமும் மண் தரை. முறத்தில் அரிசி புடைத்தால் நொய் சிந்தும், பலசரக்குக் கடை வாசலில் சாக்கு மூட்டையிலிருந்து தானியம் சிதறிக் கிடக்கும். இன்று அதே மனையில் கான்கிரீட் அடுக்குமாடி, சுவரில் ஒரு விரல் நுழைய இடமில்லை, வாசல் வரைக்கும் டைல்ஸ், அரிசி பாக்கெட்டில் வருகிறது. இவை எல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான், ஆனால் முக்கியமானதை யாரும் சொல்வதில்லை. பெரிய குருவிதான் தானியம் தின்னும். முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு முதல் நாட்களில் புழுவும் பூச்சியும் வேண்டும், அரிசியைக் கொடுத்து வளர்க்க முடியாது. தோட்டம் போய், செடி போய், இருக்கிற நாலு செடிக்கும் மருந்தடித்தால் பெற்றோர் குருவி எங்கே போய்ப் பூச்சி பிடிக்கும்? குஞ்சு பிழைக்காத இடத்தில் கூடு இருந்தும் பயன் இல்லை.

அதனால்தான் சிட்டுக்குருவி ஒன்றை மட்டும் வைத்து ஊரை அளக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பூச்சியை நம்பி வாழும் வேறு பறவைகளுக்கும் நகரத்தில் இதே நெருக்கடிதான், ஆனால் சிட்டுக்குருவி தினம் மாதிரி அவற்றுக்கென்று யாரும் ஒரு தினம் கொண்டாடுவதில்லை. எங்கே நகரமயம் அதிகமோ அங்கே அரிய பறவைகளும் பூச்சி தின்னும் பறவைகளும் குறைவு என்பதை 2023இல் வந்த அடுத்த அறிக்கையும் சொல்லியிருக்கிறது. அது 942 இனங்களைப் பற்றியது, சுமார் 30,000 பேரின் பதிவுகளிலிருந்து எழுதப்பட்டது.

கேள்வி: அப்படியானால் குருவிக் கூண்டு வாங்கி மாட்டலாமா, வேண்டாமா?
– வங்கி ஊழியர், கே.கே. நகர், மதுரை

உங்கள் பகுதியில் குருவி இன்னும் கண்ணில் படுகிறதா? படுகிறதென்றால் மாட்டுங்கள், பலன் இருக்கும். மைல் கணக்கில் குருவியே இல்லாத இடத்தில் மாட்டினால் பெரும்பாலும் காலியாகவே தொங்கும்.

துளை 32 மில்லிமீட்டர் அளவு இருந்தால் போதும். அதைவிடப் பெரிதாக வைத்தால் மைனா வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆள் உயரத்துக்கு மேலே, பூனை ஏற முடியாத சுவரில், மத்தியான வெயிலும் மழைச் சாரலும் நேராக அடிக்காத பக்கத்தில் மாட்ட வேண்டும். மின்விசிறி இருக்கிற அறைக்குள் வேண்டவே வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவும் தகரமும் சித்திரை வெயிலில் கொதிக்கும், குஞ்சுகள் உள்ளேயே செத்துப்போகும், ஆகவே மரப் பலகை அல்லது மண் கலயம்தான் நல்லது. கூண்டு மாட்டியவர்கள் கீழே ஒரு மருதாணியோ செம்பருத்தியோ வைத்து, அதற்கு மருந்தடிக்காமல் விட வேண்டும், அப்போதுதான் அந்த வேலை முழுமையாகும்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் புறாத் தொல்லை தாங்க முடியவில்லை. ஏசி வெளிப் பெட்டிக்கு அடியில் கூடு, பால்கனி முழுக்க எச்சம். ஆனால் மேல் வீட்டுப் பெரியவர் தினமும் கம்பும் கோதுமையும் போடுகிறார், புண்ணியம் என்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வது?
– மென்பொருள் பணியாளர், சோழிங்கநல்லூர், சென்னை

பெரியவர் மனசு நல்லது, அதை முதலில் ஒப்புக்கொண்டு பேச ஆரம்பியுங்கள். “ஐயா, நீங்கள் போடும் தானியம் புறாவுக்கு மட்டும்தான் போகிறது, மற்ற பறவைகளுக்கு இடம் இல்லாமல் போகிறது” என்று பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள்.

புறா ஏன் இப்படிப் பெருகுகிறது என்று தெரிந்தால் அவருக்கும் புரியும். மாடப்புறாவின் மூதாதை பாறை விளிம்பில் வாழ்ந்த பறவை. நாம் கட்டுகிற ஜன்னல் மேடை, ஏசி தட்டு, பைப் போகும் இடைவெளி எல்லாம் அதற்கு மலைப்பாறைதான். ஒரு ஈட்டுக்கு 2 முட்டை, ஆனால் சோறு கிடைத்தால் வருஷம் முழுக்க ஈடு போடும். குஞ்சுக்குப் பூச்சியே வேண்டாம், தாயும் தந்தையும் தங்கள் தொண்டைப்பையில் சுரக்கும் பால் மாதிரியான உணவைக் கொடுத்து வளர்த்துவிடும். சிட்டுக்குருவியைத் தோற்கடித்த அதே நகரம் புறாவுக்கு மட்டும் எல்லா வசதியும் செய்து வைத்திருக்கிறது என்பது இதனால்தான். எண்ணிக்கையில் பார்த்தால் உங்கள் வளாகத்தில் பறவைக்குக் குறைவே இருக்காது, நூறு புறா இருக்கும். வகையை எண்ணினால் கை விரல் போதும். தானியம் போடுவது இந்த நிலையை இன்னும் மோசமாக்குகிறது என்பது என் உறுதியான கருத்து.

உடல்நலப் பிரச்சினையும் இருக்கிறது. காய்ந்த எச்சத் தூளிலும் இறகுத் தூசியிலும் இருக்கும் புரதங்களைத் தொடர்ந்து சுவாசித்தால் சிலருக்கு ஒவ்வாமையால் நுரையீரல் அழற்சி வரும், நாள்பட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். மும்பையில் 2025இல் புறாக்களுக்குத் தீனி போடும் பொது இடங்களை மூட உத்தரவிட்டதும் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான், அதற்கு எதிர்ப்பும் கிளம்பியது. எச்சத்தைக் காய்ந்தபடி துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு வழித்தெடுங்கள்.

வலை அடிப்பதென்றால் நன்றாக இழுத்து, ஓரத்தில் இடைவெளி இல்லாமல் அடிக்கச் சொல்லுங்கள். தொளதொளவென்று தொங்கும் வலையில் புறா மட்டும் இல்லை, கிளி, ஆந்தை, வௌவால் எல்லாம் சிக்கித் தொங்கிச் சாகின்றன. அடிப்பதற்கு முன்னால் உள்ளே முட்டையோ குஞ்சோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குஞ்சு பறக்கும் வரை, முட்டையிலிருந்தே என்றால் ஏறக்குறைய ஒன்றரை மாதம், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அன்றைக்கே இடத்தைச் சுத்தம் செய்து அடைத்துவிடலாம்.

கேள்வி: பள்ளிக்குப் போகும்போது ஒரு காக்கா தினமும் என் தலையில் கொத்த வருகிறது. நான் அதை எதுவும் செய்யவில்லை.
– 6ஆம் வகுப்பு மாணவன், சேலம்

பக்கத்து மரத்தில் அதற்குக் கூடு இருக்கும், குஞ்சும் இருக்கும் தம்பி. கொஞ்ச நாள் குடை பிடித்துக்கொண்டு போ, அல்லது தெருவின் எதிர்ப்பக்கமாகப் போ. குஞ்சு பறந்ததும் காக்கா உன்னை மறந்துவிடும். கல் எடுத்து எறிந்தால் மட்டும் உன் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

முடிந்தால் அந்தக் குஞ்சைக் கவனித்துப் பார். காக்கா மாதிரி இல்லாமல் உடம்பில் புள்ளி தெரிந்தாலோ, கத்தும் குரல் வேறு மாதிரி இருந்தாலோ அது குயில் குஞ்சாக இருக்கலாம். குயில் கூடு கட்டாது, காக்கையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குயில் நம் நகரங்களில் நன்றாகவே இருக்கிறது, நாடு முழுவதும் கூடியிருக்கிற சில பறவைகளில் அதுவும் ஒன்று. வளர்த்துக் கொடுக்கக் காக்கா இருக்கிறது, தின்பதற்கு வேப்பம்பழமும் நெட்டிலிங்கப் பழமும் தெருவெல்லாம் கிடைக்கின்றன.

கேள்வி: முன்பெல்லாம் மயில் பார்க்க விராலிமலைக்குப் போவோம். இப்போது எங்கள் வீட்டு மதில் மேலேயே நிற்கிறது. கீரை, தக்காளி நாற்று எதுவும் மிஞ்சுவதில்லை. மயில் கூடினால் இயற்கை செழிக்கிறது என்றுதானே அர்த்தம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, வடவள்ளி, கோவை

அப்படி அர்த்தம் இல்லை அம்மா. மயில் எதையும் தின்னும்: நாற்று, தானியம், பூச்சி, பல்லி, பாம்புக் குட்டி. விவசாயம் விட்டுப்போன தரிசு, சீமைக்கருவேலம் மண்டிய மனைகள், ஓரத்தில் புது வீடுகள், அந்த வீடுகளிலிருந்து மிச்சச் சோறு. இப்படிப்பட்ட இடம் மயிலுக்குத் தோதானது. முட்டையையும் குஞ்சையும் தின்னக்கூடிய நரி ஊர் ஓரங்களில் குறைந்துபோயிற்று. 1963இல் தேசியப் பறவை ஆனதும், 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதும், முருகன் வாகனம் என்ற பக்தியும் அதைக் காப்பாற்றுகின்றன, அது நல்லதுதான். ஆனால் எல்லாச் சூழலிலும் சமாளிக்கக்கூடிய நாலைந்து பறவைகள் பெருகுவதும், குறிப்பிட்ட இடமும் குறிப்பிட்ட இரையும் தேவைப்படும் பறவைகள் குறைவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மயில், மாடப்புறா, குயில் மூன்றும் முதல் கூட்டத்தைச் சேர்ந்தவை.

விரட்டுவதற்காகக் காயப்படுத்தினால் சட்டப்படி குற்றம். பாத்திக்கு மேல் மூங்கில் வளைத்துத் தோட்ட வலை போடுங்கள், நாற்று கொஞ்சம் முற்றும் வரைக்காவது. தெருவில் யாரும் சோறு வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பழகிவிட்டால் வீட்டுக்குள்ளேயே வரும்.

கேள்வி: எங்கள் ஏரியை அழகுபடுத்துகிறார்கள். சுற்றிலும் கல் பதித்து, நடைபாதை போட்டு, விளக்கு வைத்து, ஆழப்படுத்தி இருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் முன்பு வந்த பறவைகள் வரவில்லை. தண்ணீர் இருந்தும் ஏன் வரவில்லை?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், தாம்பரம் அருகில்

உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், எனக்கு மிகவும் வருத்தம் தந்த கடிதமும் இதுதான், ஏனென்றால் இது பல ஊர்களில் நல்ல எண்ணத்தோடு, நம் வரிப்பணத்தில் நடக்கிறது.

பறவைக்குத் தண்ணீர் மட்டும் போதாது, ஓரம் வேண்டும். ஏரி என்பது நடுவில் ஆழமாகவும் கரையை நோக்கிப் போகப்போக மேடாகவும், கடைசியில் வெறும் சேறாகவும் இருக்க வேண்டும். உள்ளான் வகைகளுக்குக் கணுக்கால் அளவு தண்ணீரும் ஈரச் சேறும்தான் சாப்பாட்டு மேடை, அலகைக் குத்திப் புழு எடுக்கும். கொக்கும் நாரையும் முழங்கால் அளவில் நின்று மீன் பிடிக்கும். நீலத் தாழைக்கோழிக்குக் கோரையும் சம்பும் வேண்டும், அதற்குள்தான் கூடு. முக்குளிப்பானுக்கும் நீர்க்காகத்துக்கும்தான் ஆழம் பிடிக்கும். ஏரியைத் தொட்டி மாதிரி செங்குத்தாக வெட்டி, கரையில் கல் பதித்து, கோரையை ‘களை’ என்று அள்ளி எறிந்துவிட்டால் ஆழத்துப் பறவைகள் இரண்டு வகை மிஞ்சும், மற்றவை அத்தனையும் போய்விடும். அதன் மேல் ராத்திரியெல்லாம் எரியும் விளக்கும், கரையைச் சுற்றி நாயோடு நடையும் சேர்ந்தால் இருக்கிறதும் தங்காது.

பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் பெருங்குடி குப்பைக் கிடங்கு, இன்னொரு பக்கம் ஐ.டி. கட்டடங்கள், நடுவில் சாலை, இத்தனைக்கும் நடுவே அந்தச் சதுப்பில் இன்னும் பூநாரையும் வாத்துகளும் உள்ளான்களும் இறங்குகின்றன. காரணம், அங்கே ஆழமில்லாத தண்ணீரும் கோரையும் சேறும் மிஞ்சியிருக்கின்றன. 2022இல் அதற்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது, சுமார் 1,247 ஹெக்டேர். முன்பு இருந்த சதுப்பில் அது ஒரு சிறு பங்குதான்.

நம் ஊரில் இதைப் புரிந்துகொண்ட முதல் ஆட்கள் ஏரிப் பாசனக்காரர்கள். வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்துகொண்டு ஊர்க்காரர்கள் காத்தார்கள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதை எதிர்த்தார்கள், 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உரிமையும் வாங்கினார்கள்.

சங்கத்தின் சார்பில் நீங்கள் கேட்க வேண்டியது பெரிய விஷயம் இல்லை. கரையின் ஒரு பக்கத்தையாவது கல் பதிக்காமல் சரிவாக விடச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் நடைபாதையும் விளக்கும் வேண்டாம். கோரையை முழுக்க அள்ளாமல் ஒரு பகுதியை விடச் சொல்லுங்கள். நடுவில் மண் திட்டு இருந்தால் அதில் நாட்டுக் கருவேலமோ நீர்க்கடம்போ நடலாம், கொக்குகள் கூடு வைக்கும். முக்கியமாக, வேலை தொடங்கும் முன்பு எந்தெந்தப் பறவை வந்தது என்ற பட்டியல் உங்களிடம் இருந்தால் பேச்சுக்கு வலு கூடும். பட்டியலை எப்படிச் சேர்ப்பது என்று கீழே திருச்சி மாணவிக்கு எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐப்பசி மழை சமயத்தில் குளியலறை ஜன்னலோரம் ஒரு பறவை. பச்சை முதுகு, வயிற்றில் சிவப்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, வால் குட்டை. பறக்கத் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தது. யாரோ வளர்த்த கூண்டுப் பறவையா?
– தையற்கலைஞர், பெரம்பூர், சென்னை

கூண்டுப் பறவை இல்லை, அது ஆறுமணிக்குருவி! இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு, குளிர் காலத்துக்குத் தெற்கே வரும். இரவில் பயணம் செய்யும் பறவை அது. களைத்துப்போயோ, விளக்கு வெளிச்சத்தில் தடுமாறிக் கண்ணாடியில் மோதியோ, ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் வாக்கில் சென்னை வீடுகளில் இப்படி வந்து உட்கார்ந்துவிடுகிறது. அடுத்த முறை கண்டால், காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து உள்ளே விட்டு, மூடி, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். சோறு, பால் எதுவும் ஊட்ட வேண்டாம். சாயங்காலம் புதரும் காய்ந்த சருகும் இருக்கிற இடமாகப் பார்த்துத் திறந்துவிடுங்கள். சருகைக் கிளறித்தான் அது சாப்பிடும், ஆகவே தோட்டத்தில் சருகைக் கூட்டி எரிக்காதவர் வீட்டில் அது மார்கழி வரைக்கும் தங்கினாலும் தங்கும். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரட்டை விசில் கேட்டால் அதுதான்.

கேள்வி: லிஃப்ட் மோட்டார் அறையில் ராத்திரியெல்லாம் பாம்பு சீறுகிற மாதிரி சத்தம். எட்டிப் பார்த்தால் வெள்ளை முகத்தோடு ஆந்தைகள். வீட்டுக்கு ஆகாது, விரட்டுங்கள் என்கிறார்கள்.
– வாசகர், நாகர்கோவில்

அவை கூகைக் குஞ்சுகள். சீறுவது பசியில் கேட்கும் குரல். விரட்ட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கூகைக் குடும்பத்துக்கு இரை பெரும்பாலும் எலிதான், உங்கள் வளாகத்தின் எலித் தொல்லையைக் காசு வாங்காமல் தீர்த்து வைக்கும். அபசகுனம் என்று சொல்கிறவர்களை ஒரு ராத்திரி மாடிக்கு அழைத்துப்போய், தாய் எலியைத் தூக்கி வருவதைக் காட்டுங்கள். குஞ்சுகள் வளர்ந்து பறந்துவிடும், அதுவரை மோட்டார் பழுதுபார்க்க வருகிறவரிடம் மட்டும் சொல்லி வையுங்கள். இன்னொன்று, எலி மருந்து வைக்காதீர்கள். மருந்து தின்ற எலியைத் தின்று கூகையும் சாகும்.

கேள்வி: காரின் பக்கக் கண்ணாடியைத் தேன்சிட்டு ஒன்று மணிக்கணக்கில் கொத்துகிறது. பைத்தியம் பிடித்துவிட்டதா?
– வாசகர், ஈரோடு

தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்துத் தன் பிம்பத்தோடு சண்டை போடுகிறது. கண்ணாடியை மடக்கிவிட்டு ஒரு பழைய உறையைப் போட்டு மூடுங்கள், அது சாப்பிடப் போகட்டும்.

கேள்வி: மீட்டர் பெட்டிக்குள் குருவி கூடு கட்டி முட்டையிட்டிருக்கிறது. ஃபியூஸ் போனால் என்ன செய்வது? எடுத்து மரத்தில் வைக்கலாமா?
– மளிகைக் கடைக்காரர், காரைக்குடி

இடம் மாற்றினால் தாய் பெரும்பாலும் விட்டுவிட்டுப் போய்விடும். முட்டை பொரித்துக் குஞ்சு பறக்க எல்லாம் சேர்த்து ஒரு மாதம்தான் ஆகும், அதுவரை பெட்டியைத் திறக்காமல் சமாளிக்கப் பாருங்கள். உங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே பொத்தகுடி என்ற கிராமத்தில் 2020இல் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டியில் ஒரு பறவை முட்டையிட்டது. சுவிட்சைத் தொட வேண்டாம் என்று ஊரே முடிவு செய்து ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கு இல்லாமல் இருட்டில் நடந்தார்கள், குஞ்சுகள் பறந்த பிறகுதான் விளக்கு எரிந்தது. கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பதும் உங்கள் மாவட்டத்துக்காரர்கள்தான். உங்களுக்கு நான் சொல்லித்தர என்ன இருக்கிறது!

கேள்வி: கீழே விழுந்த குஞ்சைத் தொட்டால் தாய் சேர்க்காது என்பது நிஜமா?
– கல்லூரி மாணவி, வேலூர்

நிஜமில்லை. இறகு முளைக்காத குஞ்சு என்றால் எடுத்துக் கூட்டிலேயே வையுங்கள். கூடு எட்டவில்லை என்றால் ஒரு சின்னக் கூடையில் வைத்து அதே மரத்தில் கட்டிவிடுங்கள். இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகிறதென்றால் அது பறக்கப் பழகுகிறது, பெற்றோர் பக்கத்தில்தான் இருக்கும், பூனை வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டு முன்னால் ஒரு மரம் வைக்கலாம் என்று இருக்கிறேன். பறவை நிறைய வரக்கூடிய மரம் எது? நர்சரியில் கோனோகார்பஸ் கொடுக்கிறார்கள், வேகமாக வளருமாம்.
– ஆட்டோ ஓட்டுநர், தஞ்சாவூர்

கோனோகார்பஸ் வேண்டாம். பச்சையாக நிற்கும், அவ்வளவுதான். நம் பூச்சிக்கும் பழகாத மரம், நம் பறவைக்கும் பழம் தராத மரம்.

ஆலும் அரசும் அத்தியும் பறவைக்குப் பெரும் விருந்து, ஆனால் வீட்டை ஒட்டி வைக்கக் கூடாது, வேர் சுவரைப் பிளக்கும். அவற்றுக்குக் கோயில் திடலும் ஏரிக்கரையும்தான் இடம். வீட்டு வாசலுக்கு வேம்பு அல்லது புங்கை வையுங்கள். புங்கை இலையில் புழு இருக்கிறது என்று சிலர் குறை சொல்வார்கள், அந்தப் புழுவுக்காகத்தான் குருவி வரும். இடம் குறைவென்றால் முருங்கை, பூத்தால் தேன்சிட்டு ஓயாது. கறிவேப்பிலை மரத்தை ஒரு கிளை பழுக்க விட்டுப் பாருங்கள், சின்னானும் குயிலும் வந்துவிடும். வேலி ஓரத்தில் மருதாணி அடர்ந்தால் தையல்சிட்டுக்கு வசதி.

நட்டால் மட்டும் போதாது, இருக்கிற மரத்தில் பட்ட கிளை ஒன்று ஆபத்தில்லாத உயரத்தில், யார் தலையிலும் விழாத பக்கத்தில் இருந்தால் அதை வெட்டாமல் விடுங்கள். ‘டொங்க் டொங்க்’ என்று பட்டறையில் தட்டுகிற மாதிரிக் கூவும் செம்மார்புக் குக்குறுவான் பட்ட கிளையில்தான் பொந்து குடையும், மரங்கொத்தியும் அப்படித்தான். அவை விட்டுப்போன பொந்தில் கிளியும் மைனாவும் புள்ளி ஆந்தையும் குடியேறும். சென்னையில் 2016 வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. புதிதாக நட்டவை வளர்ந்திருக்கலாம், ஆனால் பொந்து விழும் அளவுக்கு ஒரு மரம் முதிரப் பல பத்தாண்டுகள் ஆகும். பழைய மரத்தை வெட்டிவிட்டு அதற்குப் பதில் பத்துக் கன்று நடுகிறோம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

கேள்வி: சந்தையில் பச்சைக்கிளி விற்கிறார்கள். பாவமாக இருக்கிறது, வாங்கிப் பறக்கவிடலாமா?
– வாசகி, திருநெல்வேலி

வாங்காதீர்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தில் இன்னும் நாலு பொந்தை உடைத்துக் குஞ்சு எடுப்பார்கள். நம் நாட்டுக் கிளியைப் பிடிப்பது, விற்பது, வீட்டில் வளர்ப்பது எல்லாமே சட்டத்துக்கு விரோதம். இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் எத்தனை வகைப் பறவை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. கேமரா, பைனாகுலர் எதுவும் என்னிடம் இல்லை.
– 9ஆம் வகுப்பு மாணவி, ஸ்ரீரங்கம், திருச்சி

கண்ணும் காதும் ஒரு நோட்டும் போதும் பாப்பா. காலை ஆறரையிலிருந்து ஏழுக்குள் ஒரு 15 நிமிஷம், வாரம் ஒரு நாள், எப்போதும் அதே இடத்தில் நில். பார்த்ததையும் கேட்டதையும் எழுது: பேர், எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது. காக்கா, புறா, மைனா என்று சலிப்பாக இருந்தாலும் அவற்றையும் எண்ணி எழுத வேண்டும், ஏனென்றால் சாதாரணமாக இருக்கிற பறவை எப்போது குறையத் தொடங்கியது என்பதைக் கண்டுபிடிக்க அந்த எண்தான் உதவும். பேர் தெரியாவிட்டால் அளவு, அலகு, வால், நிறம் குறித்து வை. உன் வீட்டுக்குப் பக்கத்தில் காவிரியும் தென்னையும் வாழையும் இருப்பதால் மீன்கொத்தி, செம்போத்து, வால்காக்கை, பனை உழவாரன் எல்லாம் சீக்கிரமே பட்டியலில் ஏறிவிடும்.

வீட்டில் பெரியவர்கள் போனில் இ-பேர்ட் செயலியை இறக்கித் தரச் சொல்லி அதில் பதிவு செய்தால் உன் தெருவின் கணக்கு நாட்டுக் கணக்கோடு சேரும், நான் மேலே சொன்ன அறிக்கைகள் எல்லாம் இப்படிச் சேர்ந்த பதிவுகளிலிருந்து வந்தவைதான். தைப்பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், 2015இலிருந்து நடத்துகிறார்கள், யார் வேண்டுமானாலும் தங்கள் மொட்டை மாடியிலிருந்தே கலந்துகொள்ளலாம். பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கும் கணக்கெடுப்பும் உண்டு. பொங்கலுக்கு முன்பே ஆரம்பித்துவிட்டால், அந்த நாலு நாளும் நீ உன் தோழிகளுக்குப் பறவைகளை அடையாளம் காட்டலாம்.

கேள்வி: மாடியில் தண்ணீர் வைக்கிறேன், எதுவும் குடிக்க வருவதில்லை. கொசு வேறு வருகிறது.
– வாசகி, புதுச்சேரி

பாத்திரம் ஆழமாக இருக்கும். மண் தட்டில், இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கல்லை வையுங்கள். தொட்டிச் செடிக்குப் பக்கத்தில் நிழலில் இருக்கட்டும். தினமும் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றித் தட்டைத் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டால் கொசு முட்டை பொரிந்து வளர நேரமே கிடைக்காது.